கேட்டையில் பிறந்தவள்

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட முத்துப்பிரியா தன் புருஷனுடைய அண்ணனின் ஜீப்பில் ஏறியதில்லை. சோணையின் ஜீப்பு தினமும் காலை ஆறரைக்குப் போடி பஸ் நிலையத்து வாசலில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குக் கிளம்பும். அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம், அதே சாலையில்தான் இருந்தது. ஜீப்பு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை உரசிக்கொண்டு போகும். அவளோ ஆறு இருபது பஸ்சில்தான் போவாள். இடம் கிடைக்காத நாளில் பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவாள்.

தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சோணையைச் சும்மா விடமாட்டார்கள்.

“என்ன சோணையண்ணே, உங்க வீட்டுப் பிள்ளையே உங்க ஜீப்பை நம்பல. நாங்க என்னத்தை நம்பி ஏறுறது?”

“நீ ஏறுனா ஜீப்புக்குத்தான் பயம்,” என்பான் சோணை. “அது மருவாதி தெரிஞ்ச பிள்ளை. மூத்தவன் பக்கத்துல வந்து உக்காருமா? உன்னை மாதிரியா?”

வீட்டிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சோணைக்குச் சோறு போடும் நேரம் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். தட்டை மூத்த மருமகள் அருணாதான் கொண்டுவந்து வைப்பாள். காலையில் அவன் வெளியே கிளம்பும்போது எதிரே வரமாட்டாள். “எம்.ஏ. படிச்ச பிள்ளை, மூத்தவன் முன்னால ஒரு நாள் உக்காந்து நான் பாத்ததில்லை,” என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அது மரியாதை இல்லை என்பது அவள் புருஷன் அன்புச்செல்வனுக்கு மட்டும் தெரியும்.

அவன் போடியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். கல்யாணம் வைகாசியில் நடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, எட்டு மணி இருக்கும், மின்சாரம் போய்விட்டது. இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். சின்னமனூர்ப் பக்கத்து வானத்தில் ஒரு நட்சத்திரம் சிவப்பாக நின்றது. புதுப் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று தெரியாத அன்புச்செல்வன் தனக்குத் தெரிந்ததைப் பேசினான்.

அது சிவப்பு ராட்சத நட்சத்திரம், நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாய் வரைக்கும் விழுங்கும் என்றான். செவ்வாய்க்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஏரிஸ். அதே நிறத்தில் அதற்குப் போட்டியாக நிற்பதால் இதை அண்டாரிஸ் என்றார்கள், ஏரிஸின் போட்டியாளன். அரபிக்காரர்களுக்கு இது தேளின் இதயம்.

“நம்மாளுக என்ன பேரு வச்சாங்க?”

“கேட்டை. வடமொழியில ஜ்யேஷ்டா. மூத்தவள்னு அர்த்தம். அதுதான் நம்ம நாக்குல தேஞ்சு கேட்டை ஆச்சு.”

அவள் அந்த நட்சத்திரத்தையே பார்த்தாள். அவன் விடவில்லை. அது ஒற்றை நட்சத்திரமே இல்லை, இரட்டை என்றான். நீல நிறத்தில் சின்னது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பெரியதன் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை நிலா இரண்டையும் மறைத்தது. நிலா விலகும்போது சின்னது முதலில் வெளியே வந்து சில நொடி தனியாகத் தெரிந்தது. அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

“சின்னதுக்கு என்ன பேரு?”

“பேரெல்லாம் இல்லை. பி-ன்னு ஒரு எழுத்து போட்டு வச்சிருக்காங்க.”

“பாவம்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, நான் கேட்டை,” என்றாள்.

“என்னது?”

“என் நட்சத்திரம். ஜாதகத்துல அனுஷம்னு இருக்கும். அனுஷம் முடிஞ்சு நாப்பது நிமிஷம் கழிச்சுத்தான் நான் பிறந்தேன். அப்பா ஒரு மணி நேரத்தைக் குறைச்சுச் சொல்லி எழுதி வாங்கிட்டாரு.”

கேட்டையில் பிறந்த பெண் வாழப் போகிற வீட்டில் புருஷனுக்கு அண்ணன் இருந்தால் அவன் உயிருக்கு ஆகாது என்பது ஊரில் இருக்கிற நம்பிக்கை. அண்ணன் உள்ள மாப்பிள்ளை எவனும் கேட்டைப் பெண்ணைக் கட்டமாட்டான். முத்துப்பிரியாவுக்கு வந்த மூன்று வரன் இந்த ஒன்றுக்காகவே தட்டிப்போயின. நாலாவதாக வந்தவன் அன்புச்செல்வன்.

அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அங்கேருந்து வெளிச்சம் கிளம்பி இங்க வந்து சேர ஐந்நூத்தம்பது வருஷம் ஆகுது. எங்க அண்ணனுக்கு வயசு முப்பத்தாறு. அதுக்கு எங்க அண்ணனைத் தெரியுமா?”

அவளும் சிரித்துவிட்டாள். “எனக்கும் நம்பிக்கை இல்லைங்க. ஆனாலும் பெரிய மச்சான் நல்லா இருக்கணும்ல?”

மறுநாளிலிருந்து சோணையை விட்டு ஒதுங்கிக்கொண்டாள். அன்புச்செல்வன் அவ்வப்போது கேலி செய்வான். அவள் கோபப்பட மாட்டாள். மாற்றிக்கொள்ளவும் மாட்டாள்.

போன ஆடியில் ஒரு காலை ஆறு இருபது பஸ்சு வரவில்லை. எங்கோ பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். அன்று பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வருகிற நாள். அவள் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தாள். அன்புச்செல்வன் பாதிச் சவரத்தில் இருந்தான்.

“பஸ்சு இல்லைங்க. லீவு சொல்லிரவா?”

“அண்ணன் ஜீப்பு நிக்குதா?”

“நிக்குது.”

“ஏறிப் போ.”

“வேண்டாங்க.”

“பிரியா, படிச்ச பொண்ணு நீ. உன் நட்சத்திரத்தைத் தூக்கி அந்தச் சாக்கடையில போட்டுட்டு ஏறு. ரெண்டு வருஷமா இந்தக் கூத்து.”

போனில் கொஞ்ச நேரம் பஸ் நிலையத்துச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அண்ணனின் குரல் கேட்டது. “அட, வா ஆத்தா! எடம் இருக்கு, முன்னால உக்காரு.” பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் ஓவென்று கத்திச் சிரித்தார்கள். ஒருத்தி விசில் அடித்தாள். போன் அணைந்தது.

பன்னிரண்டாவது வளைவில் மூடுபனி. விளக்குப் போடாமல் ஒரு லாரி இறங்கி வந்தது. சோணை மலைப்பக்கமாக ஒடித்தான். ஜீப்பின் முன்பக்கம், இடது ஓரம், பாறையில் நசுங்கியது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. சோணைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. முத்துப்பிரியாவைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் இல்லை.

பதினேழாம் நாள் அன்புச்செல்வன் பள்ளிக்கூடம் போனான். மின்னோட்டப் பாடம் நடத்தினான். யாரோ தட்டு வைத்தால் சாப்பிட்டான். அழவில்லை. கல்லு மாதிரி இருக்கான் என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏறு என்று சொன்னவன் தான் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சோணைதான் சாப்பிடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். தம்பி உள்ளே வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவான். அருணா தூக்கி உட்கார வைத்து ஊட்டினால் இரண்டு வாய். பிறகு அதே பேச்சு.

“ரெண்டு வருஷமா ஏறாத பிள்ளை. என்னை நம்பி ஏறுன மொத நாளு. இந்தக் கையி.”

கூடத்தில் செத்துப்போன அப்பா படத்துக்குப் பக்கத்தில் முத்துப்பிரியாவின் படம் மாட்டியிருந்தது. அம்மா தினமும் அதற்கு விளக்கேற்றினாள். “மகராசி, எங்கேருந்தாலும் எம் மூத்தவனுக்கு நல்ல புத்தியக் குடு ஆத்தா,” என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். முத்துப்பிரியாவின் அப்பா கன்னையன் சிலமலையிலிருந்து வந்தார். வீட்டுக்கு வரவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அன்புச்செல்வனை வரச்சொல்லி ஆளனுப்பினார்.

“மாப்ளே, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்.”

“தெரியும் மாமா.”

“இல்லை மாப்ளே, உங்களுக்குத் தெரியாது. பிரியா அனுஷம் இல்லை.”

“கேட்டை. கல்யாணமான மூணாம் நாளே சொல்லிட்டா.”

கன்னையன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுமா வச்சுக்கிட்டு இருந்தீக?”

“எனக்கு அதுல நம்பிக்கை இல்லை மாமா.”

“இப்பவுமா?”

அன்புச்செல்வன் தன் டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான்.

“உங்க அண்ணன் தம்மேல தப்புன்னு கிடக்காரு. கேட்டதுலருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவரு கால்ல விழுந்து, ஐயா இது உங்க கைத் தப்பு இல்லை, நான் எழுதுன பொய்யின்னு சொல்லிட்டு வந்துர்றேன்.”

“சொல்லாதீங்க மாமா. அம்மா அவளுக்கு வெளக்கேத்துறாங்க. நீங்க வாயைத் தொறந்தா நாளைக்கே படத்தைக் கழட்டிருவாங்க. அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தச் செவுத்துல அடிச்ச ஒரு ஆணிதான்.”

கன்னையன் ரோட்டுப் பக்கம் திரும்பினார். லோடு ஜீப்பு ஒன்று ஏலக்காய் மூட்டையோடு போயிற்று.

“சரி மாப்ளே. அப்ப நீங்களும் யார்கிட்டயும் சொல்லீராதீக. சின்னவ நிலாவுக்கு வரன் பேசிக்கிட்டு இருக்கோம். ஜாதகத்தை மாத்துன வீடுன்னு பேரு வந்துச்சுன்னா அம்புட்டுத்தான்.”

“சொல்லமாட்டேன்.”

அந்த வார்த்தை பத்து நாள்தான் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கடைக்குப் போய்விட்டு வரும்போது தெருமுனையில் அருணா நின்றுகொண்டிருந்தாள். முந்தானைக்குள் என்னவோ வைத்திருந்தாள். பக்கத்துச் சந்துக்குள் கூப்பிட்டுப் போய் எடுத்துக் காட்டினாள். ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பா. மூடி இன்னும் திறக்கவில்லை.

“அவரு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு கொழுந்தனாரே. நம்மகிட்ட ஏலமும் இல்லை, தோட்டமும் இல்லை.”

அவன் டப்பாவைக் கையில் வாங்கினான். கனமாக இருந்தது.

“உங்களைப் பாத்தாத்தான் அவருக்குச் சாகணும்னு தோணுதாம். உங்க மூஞ்சியில முழிக்க முடியலைங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னத்தையாச்சும் சொல்லுங்க.”

அன்புச்செல்வன் டப்பாவை அவளிடமே கொடுத்துத் தொலைவில் கொண்டுபோய்ப் போடச் சொன்னான். நேராக அண்ணன் அறைக்குப் போனான். சோணை எழுந்திருக்கப் பார்த்தான். இவன் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அண்ணே, அவ சாவுக்கு நீ காரணம் இல்லை.”

“எல்லாரும் அதத்தான்டா சொல்றீக.” சுவரைப் பார்த்தே பேசினான் சோணை. “போலீஸ்காரனும் சொன்னான். லாரிக்காரன் தப்புன்னான். ஒடிச்சது யாரு? நானு.”

இன்னும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். பனி என்றான், பாறை என்றான். ‘நான்தான் ஏறச் சொன்னேன்’ என்றுகூடச் சொன்னான். “நீ என்னை நம்பித்தானே ஏறச் சொன்ன?” என்று அண்ணன் அதையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். கட்டிலுக்கு அடியில் டப்பா இருந்த இடத்தில் தூசி வட்டமாக விலகியிருந்தது. அன்புச்செல்வன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே. அவ அனுஷம் இல்லை. கேட்டை.”

சோணை திரும்பினான். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

“யாரு சொன்னா?”

“அவளே சொன்னா. அவங்க அப்பா மாத்தி எழுதியிருக்காரு. அதனாலதான் அவ உன் ஜீப்புல ஏறலை. உனக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான் ரெண்டு வருஷமா ஒதுங்கியே இருந்தா.”

“கேட்டைன்னா என்னையல்லடா எடுத்திருக்கணும்? அவளை ஏன் எடுத்துச்சு?”

வகுப்பில் நல்ல மாணவன் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை அன்புச்செல்வன். சரளமாக வந்தது.

“உன்னை எடுக்கத்தான் வந்துச்சு. அவ உன் பக்கத்துல வந்து உக்காந்த நாளாப் பாத்து வந்துச்சு. உனக்கு ஆயுசு கெட்டி. உன் மேல வந்தது தப்பி அவ மேல விழுந்துருச்சு. ஸ்டியரிங்க ஒடிச்சது உன் கை இல்லைண்ணே. யாரு ஓட்டியிருந்தாலும் அன்னைக்கு அந்த வளைவுல அது நடந்திருக்கும். அவ நட்சத்திரம் அப்படி.”

ஒவ்வொரு வார்த்தையும் பொய். நிறுத்தாமல் சொன்னான். சோணை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சத்தம் போட்டு அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“அருணா, சோறு இருக்கா?”

கதவுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அண்ணன் நல்லா இருக்கணும் என்று முத்துப்பிரியா ஒதுங்கியிருந்ததையும் சேர்த்துத்தான் அன்புச்செல்வன் சொன்னான். அதுவும் வீட்டார் மனசில் தங்கும் என்று நினைத்தான். தங்கவில்லை. மறுநாள் காலையில் கூடத்துச் சுவரில் அப்பா படம் மட்டும் இருந்தது. ஆணியையும் பிடுங்கியிருந்தார்கள்.

“எம் மூத்தவனைத் தூக்கிட்டுப் போக வந்தவளுக்கா இத்தனை நாளு நான் வெளக்கேத்துனேன்?” அம்மா வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும் ஊற்றிக் கழுவினாள். “வாத்தியாரா இருந்து என்னடா செய்ய? தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க. கூடப்பொறந்தவன் உசுரை விட அந்தக் கேட்டை பெருசாப் போயிருச்சு உனக்கு.”

அதன் பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் அதுதான். பிரியா என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேட்டை வாங்குன பாத்திரம், அந்தக் கேட்டை கட்டுன சேலை. அவள் சேலைகளை அம்மா மூட்டை கட்டி வெளியே வைத்தாள்.

அன்புச்செல்வன் படத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சிலமலைக்குப் போனான். சேதி அவனுக்கு முன்னால் போயிருந்தது. போடியில் சொன்னது சிலமலைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? நிலாவுக்குப் பேசிய வரன் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி மூன்று நாளாகிவிட்டது. கன்னையன் வாசற்படியில் நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“சொல்லமாட்டேன்னீங்களே மாப்ளே.”

“ஆமா மாமா.”

“அப்புறம் ஏன் சொன்னீக?”

அவன் டப்பாவைப் பற்றிச் சொன்னான். கன்னையன் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார்.

“அப்ப நீங்க சொன்னது சரிதான்,” என்றார்.

அவன் பையை நீட்டினான். அவர் வாங்கவில்லை. “இங்க மாட்ட முடியாது மாப்ளே. இனி ஒரு வரன் வந்தா, படத்துல யாரும்பாக. மூத்த மகள்னு சொல்லணும். எப்படிச் செத்தாம்பாக.” உள்ளே நிலா விசும்புகிற சத்தம் கேட்டது. தங்கச்சிகள் இரண்டு பேரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் முத்துப்பிரியா. அம்மாவுக்கு முடியாமல் இருந்த வருடங்களில் அந்த வீட்டில் உலை வைத்தது அவள். அன்புச்செல்வன் பையைத் தோளில் மாட்டினான். பிறகு ரோட்டுக்கு நடந்தான்.

படத்தைப் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் முப்பட்டகங்கள் வைக்கிற அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினான். சாவி அவனிடம்தான் இருக்கும்.

சோணை தேறிவிட்டான். உடம்பு ஏறிவிட்டது. புரட்டாசியில் ஜீப்பைச் சரிபார்த்து எடுத்துவந்து எலுமிச்சம்பழம் நசுக்கினான். பழைய பெண்களே ஏறினார்கள். பழைய மாதிரி கேலி பேச அவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது, பிறகு பேசினார்கள். அருணா முகத்தில் களை வந்தது. அம்மா தேவாரம் பக்கம் ஒரு பெண் இருக்கிறது என்று பேச்செடுத்தாள். ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டியாகிவிட்டதாம், ரோகிணிதானாம். அன்புச்செல்வன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

முதல் தடவை சோணை கேட்டது ஒரு விடியற்காலையில். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மலையில் மூடுபனி என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள்.

“தம்பி, அன்னைக்கு நீ சொன்னது நெசந்தானா? இல்லை, என்னை எழுப்பி உக்காத்தி வைக்கச் சொன்னதா?”

பிய்த்த இட்லி அவன் விரலிலேயே இருந்தது. அடுப்படியில் அருணா கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“நெசந்தான். கேட்டை, மொத பாதம்.”

“அப்ப என் கை இல்லை?”

“உன் கை இல்லை.”

இட்லி வாய்க்குப் போயிற்று. அருணா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரமும் கேட்டான். ஐப்பசி மழையில் வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டான். மலையில் பனி இறங்கிய நாளெல்லாம் கேட்டான். அன்புச்செல்வன் இப்போதெல்லாம் அண்ணன் கிளம்பும் நேரத்துக்குள் எழுந்து பல் விளக்கிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவன் இல்லாவிட்டால் ஜீப்பு கிளம்புவதில்லை. அண்ணன் மலைக்கு வண்டி ஓட்டுகிற வரைக்கும் இது இருக்கும். அதற்கு இன்னும் இருபது இருபத்தைந்து வருடம் கிடக்கிறது.

இன்றைக்கும் சோணை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றான். வெளியே ஜீப்பில் பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். “அண்ணே, வெரசா வாங்க, மேஸ்திரி திட்டுவாரு!”

“தம்பி,” என்றான் சோணை. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை.

“கேட்டைதாண்ணே. அவதான்,” என்றான் அன்புச்செல்வன்.

சோணை சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.